முனிரத்தினம் தடைபோட்ட சொல்

வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்காலுக்குச் சித்தூர் பேருந்து நிலையத்தில் திருப்பதி வண்டிக்காக நின்றிருந்தேன். கையில் ஒரு டப்பா மிளகு ரசம். போன் அடித்தது. தனலட்சுமி அக்கா. முனிரத்தினம் அண்ணாவின் மனைவி.

"அமுதா, கெளம்பிட்டியா?"

"பஸ் ஸ்டாண்டுல கீறேன்க்கா. ஒம்பது மணிக்குள்ள வந்துடுவேன்."

"இனிமே மெதுவாவே வாம்மா" என்றார். அவர் அழவில்லை. அண்ணா போய்விட்டார் என்று புரிந்தது.

முந்தின நாள் மதியம்தான் அண்ணாவிடம் பேசியிருந்தேன். திருப்பதியில் மருத்துவமனைக் கட்டிலில் இருந்தார். அவருக்கு மூச்சு வாங்குவது போனிலேயே கேட்டது. "இப்பவே கெளம்பி வரட்டுமாண்ணா?" என்றேன். "அவசரம் இல்லம்மா" என்றார். இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணம், அவ்வளவுதான். அன்று சாயங்காலமே அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். ரசம் வைத்துக்கொண்டு காலையில் போகலாம் என்று இருந்துவிட்டேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

ஏனென்றால் "அவசரம் இல்லை" என்ற அந்தச் சொல்லை எங்கள் எடிட்டிங் அறையில் யாரும் வாயில் எடுக்கக் கூடாது என்று தடைபோட்டவரே அவர்தான். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவர் அதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. கடைசியாக என்னிடம் பேசிய பேச்சில் அதைச் சொன்னார். ஏன் தடைபோட்டார் என்று எழுதாவிட்டால் அவரைப் பற்றி எழுதியதாகவே ஆகாது.

அடுத்த நாள் பத்திரிகையில் "மூத்த கேமராமேன் காலமானார்" என்று நான்கு வரி வந்தது. கேமராவைத் தோளில் வைத்தவர்கள் எல்லாம் கேமராமேன்தான். இவர் கல்யாண வீடியோவில் தொடங்கி, செய்தி சேனலுக்குப் போய், அங்கிருந்து மாங்கூழ்த் தொழிற்சாலை, கல்குவாரி, வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போன பெண்கள், திருமலை ஏறும் அலிபிரி நடைபாதையைக் கூட்டுகிறவர்கள் என்று ஆவணப்படம் எடுத்த வீடியோ செய்தியாளர். அந்தப் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு எடிட்டிங் நான். அதனால் நான்கு வரி எனக்குப் போதவில்லை.

புத்தூருக்குத் தெற்கே, ஆந்திர-தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கிராமம் அவருடையது. அவருடைய நைனாவும் அம்மாவும் அடுத்தவர் தோப்பில் கூலி வேலை செய்தவர்கள். அவர் பத்தாவது படிக்கும்போதுதான் சர்க்கார் கொடுத்த கொஞ்சம் மேட்டு நிலம் கைக்கு வந்தது. வேர்க்கடலை போட்டார்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. "நான் கனவு தமிழ்ல காண்றேன், கணக்கு தெலுங்குல போடறேன்" என்பார். நான் திருத்தணியில் பிறந்து திருப்பதியில் வாழ்க்கைப்பட்டு இப்போது சித்தூரில் இருப்பவள். எனக்குத் தெலுங்கு வர ஐந்து வருடம் ஆயிற்று. அதுவரை என்னை அவர் கேலி செய்யாத நாள் கிடையாது.

நாங்கள் சந்தித்தது திருப்பதியில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோவில். அவர் படம் பிடிப்பார், நான் வெட்டி ஒட்டுவேன். ஒரு நாள் பெண் வீட்டுக்காரர் கேசட்டை மேசையில் எறிந்தார். "எங்க சித்தப்பாவக் காணோம். சாம்பார் வாளிக்காரன் மட்டும் ஏழு தடவ வர்றான். கல்யாணம் அவனுக்கா, எங்க பொண்ணுக்கா?"

முதலாளி முனிரத்தினத்தைப் பார்த்தார். இவர் நிதானமாகச் சொன்னார்: "சித்தப்பா உக்காந்துக்கினே இருந்தாரு சார். அந்த ஆளுதான் நடந்துக்கினே இருந்தாரு."

அந்த மாதத்தோடு அவருக்கு அங்கே வேலை போயிற்று. தனியார் சேனல்கள் காளான் போல முளைத்த நேரம் அது. ஒரு சேனலில் பகுதிநேரச் செய்தியாளராகச் சேர்ந்தார். செய்திக்காகப் போன இடத்திலெல்லாம் செய்தி முடிந்த பிறகும் அவர் இருந்துவிடுவார். பங்காருபாளையம் பக்கம் மாங்கூழ்த் தொழிற்சாலை ஒன்றின் திறப்பு விழாவுக்கு அனுப்பினார்கள். அமைச்சர் ரிப்பன் வெட்டியதை ஒரு நிமிடம் எடுத்துவிட்டு, மாங்காய் அறுக்கும் பெண்களின் கைகளை ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு வந்தார். மாங்காய்ப் பால் பட்டுப் பட்டுத் தோல் உரிந்த கைகள். அதுதான் எங்கள் முதல் படம். அதில் ஒரு முகம்கூட வராது, வெறும் கைகளும் குரல்களும்தான்.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. பேசப்போகிறவர் காதில் முதலில் ஹெட்போனை மாட்டுவார். "உன் கொரலு மொதல்ல உனக்குக் கேக்கட்டும்மா. அப்புறம் ஊருக்குக் கேக்கட்டும்." தன் குரலைக் கேட்டுப் பெண்கள் வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு கேமராவை மறந்துவிடுவார்கள். இவ்வளவு கவனமான மனிதர்தான் கஸ்தூரி விஷயத்தில் தவறினார்.

எங்கள் பக்கத்திலிருந்து குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஊருக்கு ஊர் ஏஜென்ட். அதைப் படமாக எடுக்க வேண்டும் என்று அண்ணா ஓராண்டு அலைந்தார். வடமாலபேட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில் கஸ்தூரி கிடைத்தார். அவருடைய தங்கை சுமதி குவைத்தில் ஒரு வீட்டில் இருந்தார். பாஸ்போர்ட்டை வீட்டுக்காரர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். சொன்ன வேலை ஒன்று, வாங்குகிற வேலை நாலு. பதினைந்து நாளுக்கு ஒரு வெள்ளிக்கிழமை, காலை பதினோரு மணிக்கு, வடமாலபேட்டை டெலிபோன் பூத்துக்குச் சுமதி கூப்பிடுவார். கஸ்தூரி பத்து மணிக்கே போய் உட்கார்ந்துவிடுவார். அவர்களுக்குள் இருந்தது அந்த ஒரு போன்தான்.

கஸ்தூரி கேமரா முன்னால் எல்லாவற்றையும் சொன்னார். ஏஜென்ட் பெயரையும் சொன்னார். முடிந்ததும் அண்ணா கேட்டது டேப்பில் இருக்கிறது: "மூஞ்சிய மறைக்கணுமாம்மா?"

கஸ்தூரி மைக்கைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "அவசரம் இல்லணா."

இங்கேதான் தமிழ் மட்டுமே தெரிந்தவர்களுக்கு ஒன்று விளக்க வேண்டும். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. அவசரம் லேது என்றால் தேவையில்லை. எங்கள் எல்லை ஊர்களில் தமிழ் பேசும்போதும் பலர் அந்த அர்த்தத்தில்தான் சொல்வார்கள். அண்ணாவின் காதில் "மறைக்கத் தேவையில்லை" என்று விழுந்தது. ஆனால் கஸ்தூரி தமிழ்நாட்டுப் பக்கம் பள்ளிப்பட்டில் பிறந்தவர், அந்தப் பக்கத் தமிழ். அவர் சொன்னது "இப்போ என்ன அவசரம், யோசித்துச் சொல்கிறேன்" என்று.

டேப்பை ஓட்டும்போது எனக்கு அது சரியாகவே கேட்டது. நானும் அந்தப் பக்கத்துக்காரிதானே. நிறுத்தினேன். "அண்ணா, இந்தப் பொண்ணு அப்புறம் சொல்றேன்னு சொல்ற மாதிரி கீது."

"பத்து வருசமா இங்க வாழுது அமுதா. எங்க ஊரு பேச்சுதான் பேசும். நீதான் இன்னும் திருத்தணியிலயே கீற" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். இன்னொரு தடவை போய்க் கேட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அன்று சாயங்காலம் ஒரு கல்யாண கேசட் கொடுக்க வேண்டியிருந்தது. அவசரம் எனக்குத்தான் இருந்தது. கஸ்தூரியின் முகத்தை அப்படியே வைத்து அடுத்த காட்சிக்குப் போனேன்.

படத்தைத் திருப்பதியில் ஒரு மண்டபத்தில் திரையிட்டோம். சேனலிலும் ஒரு பகுதி வந்தது. ஏஜென்ட் பெயரை நாங்கள் வெட்டிவிட்டோம். முகத்தை வெட்டவில்லை. பார்த்தவன் கண்டுகொள்ள முகமே போதும். இரண்டாவது வெள்ளிக்கிழமை பூத்துக்குப் போன் வரவில்லை.

அதற்கடுத்த முறையும் வராதபோது கஸ்தூரி எங்கள் எடிட்டிங் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"நான் இன்னா சொன்னேன்? எங்க வூட்டுக்காரு வரட்டும், கேட்டுச் சொல்லலாம்னுதானே அவசரம் இல்லன்னேன்? நீ எம் மூஞ்சியக் காட்டிட்ட. ஏஜென்ட்டு வூட்டுக்கே வந்து நின்னுக்கினு, உந் தங்கச்சி இனி எப்பிடி வர்றான்னு பாக்கறேன்றான். எந் தங்கச்சி உசுரோட கீறாளா இல்லையான்னே தெரியல."

அண்ணா எழுந்து நின்றார். "தப்பு என்னுதும்மா. நான்தான் தப்பாக் கேட்டேன்."

நான் அந்த அறையில்தான் இருந்தேன். எனக்குச் சரியாகக் கேட்டது, நான் விட்டுவிட்டேன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் சாகும்வரை ஒருவரிடமும் சொல்லவில்லை. இன்று நானே எழுதுகிறேன்.

அந்தப் படத்தை ஒரு பெருநகரப் படவிழாவில் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அன்றே திரும்பப் பெறுகிறேன் என்று தந்தி கொடுத்தார். கொடுத்த கேசட்டுகளை வீடு வீடாகப் போய் வாங்கிவந்து அழித்தார். நான் சண்டை போட்டேன். மூன்று வருட உழைப்பு, போனது போகட்டும், முகத்தை மறைத்து அனுப்பலாமே என்று கத்தினேன். "அந்தப் பொண்ணு வூடு வந்து சேரட்டும் அமுதா. அப்புறம் கத்து" என்றார்.

அடுத்த நாளிலிருந்து அவர் செய்தது ஊருக்கே தெரியும். ஏஜென்ட்டின் டிராவல்ஸ் கடைக்கு எதிரே, ரோட்டின் இந்தப் பக்கம், கேமரா ஸ்டாண்டை விரித்து வைத்துப் பக்கத்தில் நிற்பார். மேலே கேமரா கிடையாது. வெறும் மூன்று கால். காலை ஒன்பது மணிக்கு வருவார், கடை சாத்தும்வரை நிற்பார். பாஸ்போர்ட்டோடு வந்த பெண்கள் ஸ்டாண்டைப் பார்த்துவிட்டு, "ஏமய்யிந்தி அண்ணா, என்னாச்சி?" என்று இவரிடம் வருவார்கள். இவர் சுமதியின் கதையைச் சொல்வார். அவர்கள் அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள்.

நாலாம் நாள் ஏஜென்ட் தன் ஆட்கள் இரண்டு பேரோடு ரோட்டைத் தாண்டி வந்தான். நான் அண்ணாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன்.

"கேமரா இல்லாம இன்னாத்த புடுங்கப்போற?"

"கேமரா வெச்சதாலதான் இந்த வெனயே வந்துச்சி சார். அதான் வெக்கல" என்றார் அண்ணா. "அந்த வூட்டு அட்ரஸ் குடு. நான் பூடறேன்."

ஒருவன் ஸ்டாண்டை எட்டி உதைத்தான். அது சாக்கடையில் போய் விழுந்தது. அண்ணா இறங்கி எடுத்தார், தன் சட்டையாலேயே துடைத்தார், அதே இடத்தில் மறுபடி விரித்தார். காலைப் பூட்டும் திருகு இரண்டு தடவை அவர் விரலிலிருந்து வழுக்கியதை நான் பார்த்தேன். பயமில்லாதவர் என்று அவரைப் பற்றிச் சொல்கிறார்கள். பயந்துகொண்டேதான் நின்றார்.

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அங்கே நிற்கமாட்டார். வடமாலபேட்டை பூத்தில் கஸ்தூரியோடு காத்திருப்போம். கஸ்தூரி எங்களோடு பேசமாட்டார். பதினோரு மணிக்கு மணி அடிக்கும், மூன்று பேரும் எழுந்து நிற்போம். பூத்துக்காரர் எடுத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்குவார். வேறு யாருக்காவது வந்திருக்கும். பதினொன்றரை ஆகும், பன்னிரண்டு ஆகும். கஸ்தூரி புடவையை உதறிக்கொண்டு கிளம்பிவிடுவார். அப்படி எத்தனை வெள்ளிக்கிழமை என்று எண்ணவே எனக்குப் பயமாக இருந்தது.

கடைசியில் ஒரு மாதத்துக்கும் மேலே ஆன பிறகு, வியாபாரம் படுத்துப்போன கோபத்தில் ஏஜென்ட் ஒரு துண்டுச் சீட்டை அண்ணாவின் முகத்தில் எறிந்தான். அதில் வீட்டு விலாசம் இருந்தது. அண்ணா அதை எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். குவைத்தில் வேலை செய்த நம் ஊர் ஓட்டுநர் ஒருவர் அந்தத் தெருவுக்கே போய்ப் பார்த்து, பெண் உயிரோடு இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகும் இரண்டு மாதம் இழுத்தது.

சென்னை விமான நிலையத்தில் சுமதி வெளியே வந்தபோது கையில் ஒரே ஒரு பை. இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. எப்படி என்று யாரும் கேட்கவில்லை. அக்காவும் தங்கையும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அண்ணா தூணோரம் நின்றார். அழுது ஓய்ந்த பிறகு கிட்டே போனார்.

"கஸ்தூரிம்மா, என்ன மன்னிச்சிடும்மா."

கஸ்தூரி அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "அதுக்கு இப்போ அவசரம் இல்ல."

வேனில் திரும்பி வந்தோம். ஊத்துக்கோட்டை தாண்டியதும் மெதுவாகக் கேட்டார்: "அமுதா, அது உங்க ஊரு அவசரமா, எங்க ஊரு அவசரமா?"

மன்னிக்கத் தேவையில்லை என்றாரா, பிறகு பார்க்கலாம் என்றாரா? எனக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்றேன்.

அந்தச் சொல்லுக்குத் தடை வந்தது அதற்குப் பிறகுதான். யார் அதைச் சொன்னாலும் அண்ணா கையிலிருந்த வேலையை நிறுத்திவிடுவார். "வேணுமா, வேணாமா? அதச் சொல்லு." எந்தப் படத்துக்கும் சம்மதத்தை மூன்று முறை கேட்டார். எடுக்கும் முன் ஒருமுறை, எடுத்த பின் ஒருமுறை, எடிட் செய்து போட்டுக்காட்டி ஒருமுறை. தமிழிலும் கேட்பார், தெலுங்கிலும் கேட்பார். அலிபிரியில் படி கூட்டும் அம்மா ஒருவர் முதல் இரண்டு முறை சரி என்றார். மூன்றாம் முறை, "வத்து நைனா, வேணாம், எம் மருமக பாத்தா சங்கடப்படுவா" என்றார். படத்தின் உயிரே அந்த அம்மாதான். அண்ணா அவர் கண்ணெதிரே டேப்பை அழித்தார். அந்தப் படம் சப்பென்றுதான் வந்தது. அதற்காக அவர் வருத்தப்படவில்லை, நான்தான் இன்றுவரை வருத்தப்படுகிறேன்.

கல்குவாரிப் படத்துக்காக இரண்டு ஆண்டுகள் தூசியில் கிடந்தார். அது நெஞ்சில் தங்கிவிட்டது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். கடைசி நாலைந்து வருடம் மாடிப்படி ஏறக்கூட முடியாது. ஆனாலும் வருடத்துக்கு ஒரு முறையாவது கேட்டுவிடுவார், "கஸ்தூரியப் பாத்தியா? எதுனா சொல்லுச்சா?" என்று. ஒரு முறை போய்க் கேட்டுவிடுங்களேன் என்பேன். "கேட்டா பதில் சொல்லணும்னு ஆயிடும். அது பாவம்" என்பார்.

வெள்ளிக்கிழமை நான் அண்ணாவின் ஊர் போய்ச் சேர்ந்தபோது அவரை வீட்டு முன்னால் கிடத்தியிருந்தார்கள். தனலட்சுமி அக்கா என் கையிலிருந்த டப்பாவை வாங்கி ஓரமாக வைத்தார். "நேத்து சாயங்காலம் ரெண்டு தடவ கேட்டாரும்மா, சித்தூரு பஸ்ஸு எத்தன மணிக்கு வரும்னு" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. அக்கா மடியில் விழுந்து அழுதேன்.

மதியம் கஸ்தூரி வந்தார். கூடவே சுமதி. கஸ்தூரிக்குத் தலை நரைத்திருந்தது, ஆனால் அதே முகம். படத்தில் அந்த முகத்தை நான் எத்தனை முறை முன்னும் பின்னும் ஓட்டியிருப்பேன்! கஸ்தூரி மாலையை வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கேட்டேவிட்டேன்.

"ஏர்ப்போர்ட்டுல அவசரம் இல்லன்னு சொன்னியே, இன்னா அர்த்தத்துல சொன்ன?"

"அப்புறம் பாத்துக்கலாம்னுதான்க்கா சொன்னேன். கோவம் அவ்ளோ இருந்துச்சி. அப்புறம் கோவம் பூடுச்சி. வந்து சொல்லணும் சொல்லணும்னு நெனச்சிக்கினே இருந்தேன். அந்தாளு எங்க போயிடப்போறாருன்னு..." முடிக்காமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

நானும் அப்படித்தானே இருந்துவிட்டேன்? அதையும் அவரிடம் சொன்னேன். அந்த டேப்பில் எனக்குச் சரியாகக் கேட்டதையும் சொன்னேன். கஸ்தூரி என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தூக்குகிற நேரம் வந்தது. கஸ்தூரி எழுந்து போய் அவர் தலைமாட்டில் குனிந்தார். சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி, அண்ணாவின் ஊர்ப் பேச்சிலேயே சொன்னார்:

"அவசரம் லேதுணா. மன்னிப்பெல்லாம் அவசரம் லேது."

மூன்று நாள் கழித்து, இதை எழுதலாமா என்று கஸ்தூரியிடம் கேட்டேன். எழுதத் தொடங்கும் முன் ஒருமுறை, எழுதி முடித்த பின் ஒருமுறை, வாசித்துக்காட்டி ஒருமுறை. தமிழிலும் கேட்டேன், தெலுங்கிலும் கேட்டேன். பேரை மாற்றட்டுமா என்றேன். "எம் பேரும் இருக்கட்டும், எம் மூஞ்சியும் இருக்கட்டும்" என்றார். சுமதியும் தனலட்சுமி அக்காவும் சரி என்றார்கள்.

உங்களிடம் மட்டும்தான் கேட்க முடியவில்லை, அண்ணா. வியாழக்கிழமையே நான் வந்திருந்தால் கேட்டிருப்பேன். போய் வாருங்கள்.